பென் பெரியப்பா அதைச் சொல்லவே இல்லை

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, சினிமா பார்த்து சூப்பர்ஹீரோ பைத்தியம் பிடித்தவன் நான். புகழ்பெற்ற பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் விமர்சனம் எழுத ஆசை. எடுத்துப் படித்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் வசன மூட்டை. இதையா இத்தனை வருஷமாகக் கொண்டாடுகிறார்கள்? நான்தான் தப்பாகப் படிக்கிறேனா? எதிலிருந்து தொடங்குவது?"

தம்பி, நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. பாதி சிறுபிள்ளைத்தனம்தான். பத்து சென்டுக்கும் பன்னிரண்டு சென்டுக்கும் பையன்கள் வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காக அச்சடித்த தாள் அது. ஆனால் அந்த இதழ்களை வைத்து விமர்சனம் எழுதுகிறவர்கள் பலரும் இதழையே படிப்பதில்லை. தலையில் இருக்கும் கதையைப் படிக்கிறார்கள். இதைத் தைரியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தப்பைச் செய்து நானே மாட்டிக்கொண்டவன்.

ஸ்பைடர்மேன் படம் 2002-இல் வந்து ஓடி முடிந்த சமயம். இங்கே பினாங்கில் ஒரு சின்ன வாசகர் கூட்டத்தில் ஸ்பைடர்மேன் பிறந்த இதழைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் குரலை ஏற்றி, "சாவதற்கு முன் பென் பெரியப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தை, பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்ற வார்த்தைதான் அந்தப் பையனை மாற்றியது" என்று முழங்கினேன். (அங்கிள் பென்னும், ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டரும் ஒரே பார்க்கர் குடும்பம். அப்பா வழி உறவு, அப்பாவுக்கு மூத்தவர். நம் கணக்கில் பெரியப்பாதான்.) கடைசி வரிசையில் பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் கை தூக்கினான். "சார், அந்த இதழில் அவர் அப்படிச் சொல்லவே இல்லையே?" நான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து மறுபதிப்பைப் புரட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழ். அட்டையில் ஆகஸ்ட் 1962 என்றிருக்கும். கதை ஸ்டான் லீ, சித்திரம் ஸ்டீவ் டிட்கோ. ஸ்பைடர்மேனுக்கு அதில் கிடைத்தது மொத்தம் 11 பக்கம், மீதியெல்லாம் வேறு குட்டிக் கதைகள். அந்தப் பத்திரிகையே அந்த இதழோடு நின்றுபோயிற்று. பென் பெரியப்பா சில பேனல்களில்தான், அதாவது சில படக் கட்டங்களில்தான் வருகிறார். பையனை எழுப்புகிறார், பாசமாக இரண்டு வார்த்தை பேசுகிறார், அவ்வளவுதான். அவர் சாவதையும் நாம் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ்காரர் சொல்லித்தான் பீட்டருக்கே தெரிகிறது, நமக்கும் அப்போதுதான் தெரிகிறது. அந்தப் பிரசித்தமான வாசகம் கடைசி பேனலில் வருகிறது. யாருடைய வாயிலிருந்தும் வரவில்லை, கதை சொல்பவரின் குரலாக ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதன் கீழே இருட்டுத் தெருவில் தனியாக நடந்து போகும் ஒரு பையன், எறும்பு மாதிரி சின்னதாக.

இதைக் கவனித்துவிட்டால் கதையின் எடையே வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. பெரியவர் சொன்ன புத்திமதியை மறந்த பையனின் கதை என்று நான் பேசினேன். இதழில் அவனுக்கு யாரும் புத்திமதி சொல்லவில்லை. ஓடிவந்த திருடனை ஒரு கால் நீட்டித் தடுத்திருக்கலாம். அது உன் வேலை என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறான். பெரியப்பாவைக் கொன்றது அதே திருடன்தான் என்று தானே கண்டுபிடிக்கிறான், தனியாக. எனக்கு இந்த வடிவம்தான் கூர்மையாகப் படுகிறது. பின்னால் வந்தவர்கள் அந்த வாசகத்தைப் பெரியப்பாவின் வாயில் வைத்தது கொஞ்சம் இதமாக்கிவிட்டது. செத்தவராவது ஒரு சொல் விட்டுவிட்டுப் போனார் என்ற ஆறுதல் மூல இதழில் கிடையாது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய இதழைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எனக்கு நினைவிருக்கிற கதையைப் பத்து வரி எழுதிவிடுவேன். யார் என்ன சொன்னார், எப்படி முடிந்தது, அட்டையில் என்ன. அப்புறம்தான் இதழ். எங்கெல்லாம் என் பத்து வரி பிசகியிருக்கிறதோ அங்கெல்லாம் எழுத விஷயம் இருக்கிறது. நீங்களும் செய்து பாருங்கள். 'கதை அருமை, சித்திரம் பிரமாதம், பத்துக்கு எட்டு' என்று எழுதுவதற்கு உங்கள் கையே கூசும்.

அடுத்து, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இது ஏதோ சேகரிப்பாளர் வெறி என்று நினைக்க வேண்டாம். என் மாமா பட்டர்வொர்த் விமானத் தளத்தில் வேலை பார்த்தார். ஆஸ்திரேலிய விமானப்படை அங்கே இருந்த காலம். 1988-இல் தளம் மலேசிய விமானப்படையின் கைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது பிள்ளைகளின் காமிக்ஸ் கட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். மாமா சைக்கிள் கேரியரில் கயிறு கட்டிக் கொண்டுவருவார். கே.ஜி. மரே என்ற சிட்னி நிறுவனம் போட்ட மறுபதிப்புகள், உள்ளே முழுக்கக் கறுப்பு வெள்ளை. பேட்மேன் கதை என்றாலே கறுப்பு வெள்ளைதான் என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். முதன்முதலில் அமெரிக்க வண்ண இதழைப் பார்த்தபோது யாரோ கலர் பென்சிலால் கெடுத்துவிட்டார்கள் என்று கோபம் வந்தது.

ஹல்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் வந்த முதல் இதழில் அவர் பச்சை கிடையாது, சாம்பல். அன்றைய மலிவு அச்சில் சாம்பல் நிறம் ஒரே சீராக நிற்கவில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறியது. இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். பிறகு வந்த மறுபதிப்புகள் பலவற்றில் முதல் கதைக்கும் பச்சையையே பூசிவிட்டதால், எங்கள் தலைமுறையில் பலருக்கு இந்த விஷயமே தெரியாது. பச்சை மறுபதிப்பை வைத்துக்கொண்டு முதல் இதழை விமர்சித்தால், வெள்ளையடித்த பிறகு கோயில் சுவரோவியத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான். இப்போது வரும் வழவழத் தாள் தொகுப்புகளிலும் இதே சங்கடம் உண்டு. பழைய தாள் மையை உறிஞ்சும், நிறம் மங்கித் தெரியும், அதைக் கணக்கில் வைத்துத்தான் அடர்த்தியான நிறம் போட்டார்கள். அதே நிறத்தை வெள்ளைவெளேர் தாளில் அச்சடித்தால் தைப்பூசத்துத் தண்ணீர்ப்பந்தல் மாதிரி கண்ணைப் பறிக்கும். 'வண்ணம் மட்டமாக இருக்கிறது' என்று எழுதுவதற்கு முன் அது யாருடைய தப்பு என்று பாருங்கள்.

வசன மூட்டை பற்றிக் கேட்டீர்கள். அறுபதுகளின் மார்வெல் இதழ்கள் உருவான விதத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. முழு வசனத்தோடு கதையை எழுதி ஓவியரிடம் கொடுப்பது அங்கே வழக்கமில்லை. சுருக்கமாகக் கதையைப் பேசிக்கொள்வார்கள், ஓவியர் பக்கம் பக்கமாக வரைந்து வருவார், அதற்கப்புறம் ஸ்டான் லீ வசன பலூனை நிரப்புவார். சித்திரம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை வசனம் மறுபடி சொல்லும். நம் மேடை நாடகத்தில் வில்லன் கத்தியைக் காட்டிக்கொண்டே "இதோ கத்தி!" என்பானே, அந்த மாதிரி. அதனால் என் யோசனை, முதல் தடவை வசனத்தைப் படிக்காதீர்கள். படத்தை மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை வசனத்தோடு. சில இதழ்கள் முதல் தடவையிலேயே முழுக் கதையையும் சொல்லிவிடும். அப்போது ஆட்டத்தை ஆடியது யார் என்று புரியும்.

இதற்கு நல்ல சோதனை 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33, அட்டையில் பிப்ரவரி 1966. டிட்கோதான் கதையமைப்பும் என்று இதழிலேயே போட்டிருக்கும். மே பெரியம்மா சாகக் கிடக்கிறார். அவரைக் காப்பாற்றும் மருந்து சில அடி தூரத்தில் தரையில் கிடக்கிறது. ஸ்பைடர்மேன் ஒரு மலை போன்ற இயந்திரத்துக்கு அடியில் மாட்டிக்கிடக்கிறார், மேலே கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. இந்த இதழை என் மகளிடம் கொடுத்தபோது அவளுக்கு பன்னிரண்டு வயது. "வசனத்தைப் படிக்காதே" என்று மட்டும் சொன்னேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து புரட்டினாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம் வேகமாகப் போனது. மூன்றில் நின்றாள். "இவர் இன்னும் தூக்கவே இல்லையா?" என்றாள். நான்காம் பக்கத்தில் விரலால் பேனலை எண்ண ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, கட்டம் குறைஞ்சுகிட்டே வருது." ஐந்தாம் பக்கத்தைத் திருப்பியதும் ஒரே படம், முழுப் பக்கம், இயந்திரம் மேலே போய்விட்டது. அவள் ஒன்றும் பேசவில்லை. முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தாள்.

ஒரு மனிதன் ஒரு பொருளைத் தூக்குகிறான், அதற்கு ஐந்து பக்கம். இருபது பக்கக் கதையில் கால்வாசி. சினிமாவில் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இங்கே அந்த எடை உங்கள் விரலில் இருக்கிறது, பக்கத்தைத் திருப்ப வேண்டியது நீங்கள்தான். என் கையில் முதலில் இருந்தது வாரப் பத்திரிகை மறுபதிப்பு. பிரிட்டனில் ஒரு மாத இதழ்க் கதையை வெட்டி இரண்டு மூன்று வாரத்துக்குப் பரப்பிப் போடுவார்கள். அதில் இந்தக் காட்சி சப்பென்று இருந்தது. பல வருஷம் கழித்து முழு இதழாகப் படித்தபோதுதான் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று விளங்கியது.

பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கும் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழை (ஜூன் 1973) நீங்கள் கட்டாயம் எழுதுவீர்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். கதை ஜெர்ரி கான்வே, சித்திரம் கில் கேன். அதில் இரண்டு விஷயம் பாருங்கள். கதையின் தலைப்பு முதல் பக்கத்தில் இல்லை, கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது, ஏனென்றால் தலைப்பே முடிவைச் சொல்லிவிடும். இன்னொன்று, பாலத்திலிருந்து விழும் க்வென்னின் காலை வலை பிடிக்கிறதே, அந்த பேனலில் கழுத்துக்குப் பக்கத்தில் குட்டியாக 'ஸ்னாப்' என்று ஒரு சத்தம். அவளைக் கொன்றது விழுந்த வேகமா, காப்பாற்றப் போட்ட வலையா? கதாநாயகனுக்கு அது தெரியவே தெரியாது. 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில், வலை பிடித்த குலுக்கலில்தான் கழுத்து போனது என்று ஆசிரியர் தரப்பிலேயே ஒத்துக்கொண்டார்கள். தொகுப்பு நூல்களில் கடிதப் பக்கம் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பழைய இதழ் கிடைத்தால் விளம்பரம், கடிதம் எல்லாவற்றையும் படியுங்கள் என்கிறேன். அப்புறம் அந்தப் பாலம். வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், படத்தில் புரூக்ளின் பாலம். பினாங்குப் பாலம் என்று எழுதிவிட்டுக் கொம்தார் கட்டடத்தை வரைந்த மாதிரி. இப்படிப்பட்ட ஓட்டையைக் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் விமர்சனம் முழுக்க அதுவாக இருக்க வேண்டாம்.

சூப்பர்மேனின் முதல் கதை, 'ஆக்ஷன் காமிக்ஸ்' 1, ஜூன் 1938, வேறு மாதிரி அதிர்ச்சி. 13 பக்கம். நடுவிலிருந்து ஆரம்பித்த மாதிரி இருக்கும். செய்தித்தாள் தொடருக்காக வரைந்து வைத்திருந்ததை வெட்டி ஒட்டி இதழாக்கினார்கள். சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். விண்வெளி வில்லன் யாரும் இல்லை. நிரபராதிப் பெண்ணை மின்சார நாற்காலியிலிருந்து காப்பாற்றுகிறார், மனைவியை அடிக்கும் ஒருவனைச் சுவரில் அறைகிறார், வாஷிங்டனில் ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகரைத் தூக்கிக்கொண்டு மின்கம்பிமேல் ஓடிப் பயமுறுத்துகிறார். பொருளாதார மந்தத்தில் அடிபட்ட இரண்டு ஏழைப் பையன்களின் கோபம் அது. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

இந்த சீகலை நமக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. சிவகாசி லயன் காமிக்ஸில் 'ஸ்பைடர்' படித்திருக்கிறீர்களா? மார்வெல் ஆள் இல்லை, வலைத் துப்பாக்கியோடு வரும் அந்தக் கூர்காதுக் குற்றச் சக்கரவர்த்தி. பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை 'லயன்'-இல் வந்த தொடர் அது. அதில் ஏராளமான கதைகளை எழுதியது சூப்பர்மேனைப் படைத்த இதே ஜெர்ரி சீகல். தன் பிள்ளையை 130 டாலருக்கு விட்டுவிட்டு, முப்பது வருஷம் போல கழித்து, உலகையே ஆள நினைக்கும் ஒரு திருடனின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். சூப்பர்மேன் முதல் இதழையும் ஸ்பைடரையும் பக்கத்தில் வைத்துத் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இருக்கும் சாமான் எல்லாம் உங்களுக்கும் உண்டு. இது உங்களுக்கு மட்டும் உண்டு.

பேட்மேனின் முதல் கதை (மே 1939, 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27) ஆறே பக்கம், எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுகிறான், அவனுக்கு இதுதான் சரி என்று பேட்மேன் சொல்கிறார். கொல்லாத பேட்மேன் எல்லாம் பிறகு வந்தவர். பேட்மேனைப் படைத்தவர் என்று ஓவியர் பாப் கேன் பெயர்தான் போடுவார்கள்; கதையை எழுதிய பில் ஃபிங்கரின் பெயர் அதோடு அதிகாரபூர்வமாகச் சேர 2015 ஆயிற்று. ஃபிங்கர் 1974-லேயே போய்விட்டார்.

பழசு என்பதற்காக இரக்கப்பட்டும் எழுதாதீர்கள். இரும்பு மனிதன் அறிமுகமாகும் 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 39 (மார்ச் 1963) வியட்நாமில் நடக்கிறது. அங்குள்ள ஆட்களின் முகத்துக்கு எலுமிச்சை மஞ்சள் பூசியிருப்பார்கள். வில்லன் வோங்-சூ, பயங்கரப் பல்லிளிப்பு. என்னோடு படித்த சீன நண்பன் ஒருவனிடம் காட்டினேன். சிரித்தான். பக்கத்தைத் திருப்பினான், சிரிப்பு நின்றது. "எங்க தாத்தாவை இப்படி வரைஞ்சிருப்பாங்க இல்ல?" என்றான். ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு இது கண்ணில் படாமல் போக முடியாது. அதை எழுதத்தான் வேண்டும். அதே சமயம் மூன்று வருஷத்தில், 1966-இல், அதே மார்வெல் நிறுவனம் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52-இல் பிளாக் பேந்தரைக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்க அரசர், அறிவியல் அறிந்தவர், நான்கு நாயகர்களையும் தனியாளாகத் திணறடிப்பவர். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்று தெரியும்.

எதிலிருந்து தொடங்குவது? பிறந்த இதழ்களிலிருந்து வேண்டாம். அவற்றைப் பற்றி எல்லாருக்கும் ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33-இல் தொடங்குங்கள். 31, 32-ஐயும் முன்னால் படித்துவிடுங்கள், மூன்றும் ஒரே கதை. பிறகு 'எக்ஸ்-மென்' 137 (செப்டம்பர் 1980). அதில் எக்ஸ்-மென் அணியின் ஜீன் கிரே இறப்பது முதலில் போட்ட திட்டம் இல்லை. நட்சத்திரம் ஒன்றை விழுங்கி ஒரு கிரகத்து மக்களையே கொன்றவளைச் சக்தியை மட்டும் பறித்து விட்டுவிடுவதாவது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்ததால் கடைசிப் பக்கங்களை மாற்றினார்கள். கைவிட்ட முடிவும் 1984-இல் தனியாக வெளிவந்தது. இரண்டு முடிவையும் படித்துவிட்டு எது சரி என்று நீங்களே சொல்லுங்கள். நான் ஷூட்டர் கட்சி. என் நண்பர்கள் பாதிப் பேருக்கு இதில் என்னோடு சண்டை.

நிஜத் தாளில் படிக்க ஆசை இருந்தால் ஒருநாள் பினாங்கு வாருங்கள். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. காமிக்ஸ் தனியாக அடுக்கியிருக்காது, பள்ளிப் பாடநூலுக்கும் மலாய் நாவலுக்கும் நடுவே துழாவ வேண்டும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா, ராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் இவை இரண்டும்தான் முதலில் போகும். அட்டை கிழிந்த பிரதி என்றால் சில வெள்ளிக்கே கொடுத்துவிடுவார்கள், படிக்க அது போதும். காலையிலேயே வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் அந்த மாடியில் புழுக்கம் தாங்காது.